பேர்போன வாழைப்பழமும் 'நோட்டோரியஸ்' என்ற சொல்லும்: ஆங்கிலச் சொல்வளம் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு பெண், குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்திலிருந்து என் மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். "உங்க ஊரைப் பத்தி ஒரு பக்கம் எழுதுங்க" என்று ஒரு நாள் சொன்னேன். ரப்பர் தோட்டம், திற்பரப்பு அருவி, மட்டிப்பழம் என்று அருமையாக எழுதியிருந்தார். ஆனால் முதல் வரியிலேயே, எங்கள் மாவட்டம் வாழைப்பழத்துக்கு 'நோட்டோரியஸ்' என்று இருந்தது.

"இந்தச் சொல்லை எங்கேருந்து எடுத்தீங்க, மக்களே?"

"பேர்போனன்னு அகராதியில போட்டிருக்கே, சார்."

போட்டிருந்தது உண்மைதான். தமிழில் பேர்போன திருடனும் உண்டு, பேர்போன அல்வாவும் உண்டு. 'நோட்டோரியஸ்' அப்படி இரண்டு பக்கமும் போகாது. கெட்ட பெயர் எடுத்ததற்கு மட்டுமே அதைச் சொல்வார்கள். அந்தப் பெண் ஒன்றும் சோம்பேறி இல்லை. பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு நாலு மாதமாக ராத்திரி பதினொன்று வரைக்கும் மனப்பாடம் செய்தவர். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், எதிரே ஒற்றைத் தமிழ்ப் பொருள். உழைப்பில் குறையில்லை, முறையில்தான் கோளாறு. இருபது வயதில் நானும் இதே முறையில் இரண்டு வருடம் ஓடினேன். அகர வரிசையில் படித்ததால் 'ஏ'யிலும் 'பி'யிலும் தொடங்கும் சொற்கள் மட்டும் வண்டி வண்டியாகச் சேர்ந்தன. ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தால் அவற்றில் ஒன்றும் கைக்கு வராது.

அதற்கப்புறம் பிடிபட்ட வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம் ஓரளவு புரியும், செய்தித்தாளை எழுத்துக் கூட்டாமல் படிக்க முடியும், ஆனால் நல்ல ஆங்கிலம் எழுதவோ பேசவோ சொல் போதவில்லை என்று நினைப்பவர்களுக்கான வழி இது.

முதலில், எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

ஒரு ஆங்கிலச் செய்தித்தாளை எடுத்து, ஏதாவது ஒரு கட்டுரையில் நூறு சொற்களை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் பொருள் தெரியாத சொல்லுக்கு அடியில் பென்சிலால் கோடு போடுங்கள். 'தெரிந்த மாதிரி இருக்கு' என்பதெல்லாம் தெரியாத கணக்கில்தான் சேரும். கோடு இரண்டுக்குள் இருந்தால் அந்த எழுத்து உங்களுக்கு ஏற்றது. ஐந்தைத் தாண்டினால் இன்னும் எளிதான ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

இந்த இரண்டு என்ற கணக்கு நான் கண்டுபிடித்ததில்லை. ஒரு பக்கத்தில் நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்தால்தான் அகராதி இல்லாமல், யார் துணையும் இல்லாமல் வசதியாகப் படிக்க முடியும் என்பது சொல்வள ஆராய்ச்சியில் பரவலாக எடுத்துக்கொள்ளும் அளவு. அந்த நிலைக்கு வர எத்தனை சொல் வேண்டும் என்று நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் என்ற மொழியியல் பேராசிரியர் 2006-இல் கணக்கிட்டார். நாவல், செய்தித்தாள் போன்றவற்றுக்கு 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் என்று வந்தது. சொற்குடும்பம் என்றால் 'டிசைட்', 'டிசிஷன்', 'டிசைசிவ்' எல்லாம் சேர்ந்து ஒன்று. எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். இதில் நல்ல ஒரு பங்கு பள்ளிக்கூடத்திலேயே கைக்கு வந்துவிட்டது. எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடையும் கிடையாது.

மைக்கேல் வெஸ்ட் என்பவர், வங்காளத்தில் கல்விப் பணியில் இருந்து நம் நாட்டுப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கத் தவிப்பதை நேரில் பார்த்தவர். அவர் 1953-இல் அடிக்கடி வரும் சுமார் 2000 சொற்களைத் தொகுத்து வெளியிட்டார். அதற்கு மேல் படிப்பவர்களுக்காக, 2000-ஆவது ஆண்டில் ஏவரில் காக்ஸ்ஹெட் 570 சொற்குடும்பங்கள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தந்தார். கல்லூரிப் பாடநூல், ஆய்வுக் கட்டுரை போன்ற எழுத்தில் பத்தில் ஒரு சொல் இந்த 570-க்குள் வந்துவிடும். 'அஸெஸ்', 'எஸ்டிமேட்', 'சிக்னிஃபிகன்ட்', 'எவிடென்ட்', 'டிரைவ்' மாதிரியான சொற்கள். கடைசியில் சொன்னது வண்டி ஓட்டும் 'டிரைவ்' கிடையாது. ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பெறுவதைச் சொல்லும் சொல், ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்துக்கு அப்புறம் 'இ' (e) வரும், 'டி-ரைவ்' என்று இரண்டு அசையாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு பட்டியலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் 2000-ஐச் சரிபார்த்து ஓட்டைகளை அடைத்துவிடுங்கள், அப்புறம் 570-க்கு வாருங்கள். 'லுகூப்ரியஸ்', 'செஸ்குவிபிடேலியன்' போன்றவற்றை 'கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்' என்று வீடியோவில் விற்பவர்களிடம் இப்போதைக்குப் போக வேண்டாம். ஆங்கிலேயரே அவற்றை வருடத்துக்கு ஒரு முறை கூடச் சொல்வதில்லை.

ஒரு சொல்லுக்குக் கால் பக்கம்

எல்லாவற்றிலும் முக்கியமான இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு சொல்லுக்குக் கால் பக்கம். 'ரிலக்டன்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ்ப் பொருள் என்று 'தயக்கமான' என்று எழுதி முடித்துவிட்டால் நோட்டோரியஸ் கதைதான் திரும்ப வரும். அதற்குப் பதில், படிப்பவர்களுக்கென்றே எழுதிய ஆங்கில-ஆங்கில அகராதி ஒன்றில் அதைத் தேடுங்கள். லாங்மேன் அகராதி சுமார் 2000 எளிய சொற்களை வைத்துக்கொண்டே மற்ற எல்லாச் சொற்களையும் விளக்குகிறது. செல்போனில் காசில்லாமல் பார்க்கலாம். அங்கே பார்த்தால், ஒன்றைச் செய்ய மனமில்லாமல், இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலை என்று விளங்கும்.

இனி நோட்டில் எழுத வேண்டியவை. சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி, எந்த அசையில் அழுத்தம் விழுகிறதோ அதன் அடியில் கோடு. 'ரிலக்டன்ட்'டில் நடு அசை. அப்புறம் இந்தச் சொல்லுக்குப் பின்னால் 'டு' வந்து வினைச்சொல் வரும் என்ற குறிப்பு. அதன் குடும்பம்: 'ரிலக்டன்ஸ்', 'ரிலக்டன்ட்லி'. பிறகு, நீங்கள் அந்தச் சொல்லைப் பார்த்த வாக்கியம், பார்த்த இடத்தோடு. கடைசியாக, உங்கள் வீட்டைப் பற்றி நீங்களே எழுதிய ஒரு வாக்கியம். பாட்டிக்கு ஆசுபத்திரிக்குப் போக மனமில்லை என்று ஒரு மாணவர் எழுதினார். அந்த வாக்கியத்தை அவர் மறக்கவே இல்லை. பாட்டியின் முகம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அகராதியில் இருக்கும் உதாரணத்தைப் படி எடுத்து எழுதினால் இந்த ஒட்டுதல் கிடைக்காது.

அடுத்தது சொல்லின் கூட்டாளிகள். நாம் பல் விளக்குகிறோம், தலை சீவுகிறோம், நகம் வெட்டுகிறோம். ஒருவர் 'தலை விளக்கினேன்' என்றால் இலக்கணத்தில் பிழை இல்லை, ஆனாலும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் இதே கதைதான். டீக்கடையில் "அண்ணே, ஸ்ட்ராங்கா ஒரு டீ" என்கிறோம். அது சுத்தமான ஆங்கிலக் கூட்டு. 'பவர்ஃபுல் டீ' என்று ஆங்கிலத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்', குற்றத்துக்கு 'கமிட்', முடிவுக்கு 'மேக்'. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதைப் பொருளோடு சேர்த்தே படித்தால் இரட்டிப்பு லாபம். புதுப் பெயர்ச்சொல் ஒன்று கிடைத்தால், அதன் முன்னால் எந்த வினைச்சொல் நிற்கிறது என்று உடனே பாருங்கள். மேலே சொன்ன மாணவி 'ஃபேமஸ்' என்று எழுதியிருந்தாலே போதுமாயிருந்தது. அதுவும் 'ஃபேமஸ் ஃபார்' என்று.

அழுத்தம் என்று சொன்னேனே, அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே பலம். ஆங்கிலத்தில் ஒரு அசை மேலே எழும்பும், மற்றவை அமுங்கிவிடும். 'ஹோட்டல்', 'கமிட்டி', 'டெவலப்' மூன்றையும் முதல் அசையில் அழுத்தித்தான் நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். மூன்றிலும் அழுத்தம் இரண்டாவது அசையில். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை எழும்பும், 'ஃபோட்டோகிராஃபி'யில் இரண்டாவது, 'ஃபோட்டோகிராஃபிக்'கில் மூன்றாவது. அழுத்தம் மாறினால் எதிரில் இருப்பவருக்குச் சொல்லே மாறிப்போன மாதிரி இருக்கும். நமக்கும் அப்படித்தான்: எழுத்தில் தெரிந்த சொல்லே காதில் விழும்போது பிடிபடுவதில்லை. அகராதிச் செயலியில் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தி மூன்று முறை கேட்டு, மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் நோட்டை மூட வேண்டும்.

இப்படி எழுத ஒரு சொல்லுக்குப் பத்து நிமிஷம் பிடிக்கும். அதனால் ஒரு நாளைக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு மூன்றே தாராளம்.

கல்யாணக் கார்டும் பிஸ்கட் டப்பாவும்

நோட்டில் எழுதியது நோட்டிலேயே கிடந்தால் பத்து நாளில் போய்விடும். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885-இல் நூலாக எழுதினார். மறதி முதல் ஒன்றிரண்டு நாளில் வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது. மறக்கப்போகும் நேரத்தில் மறுபடி நினைவுபடுத்தினால் அடுத்த முறை அதிக நாள் தங்குகிறது. இதை வைத்து 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானிய எழுத்தாளர் ஒரு அட்டைப்பெட்டி முறையைப் பரப்பினார்.

இதற்கு ஒன்றும் செலவில்லை. வீட்டில் சேர்ந்துகிடக்கும் கல்யாணக் கார்டுகளில் பின்பக்கம் வெள்ளையாக இருப்பவற்றை எடுத்து, பஸ் டிக்கெட்டை விடக் கொஞ்சம் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சொல். மறுபக்கம் உங்கள் வாக்கியம், சொல் வர வேண்டிய இடத்தில் கோடு மட்டும். பழைய பிஸ்கட் டப்பாவில் அட்டையால் நாலு தடுப்பு வைத்து ஐந்து அறையாக்கினால் பெட்டி தயார். புதிய அட்டை முதல் அறையில் இருக்கும், அதைத் தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாவது அறைக்குப் போகும், அதை இரண்டு நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். மூன்றாவதை நாலு நாளுக்கு ஒரு முறை, நாலாவதை வாரத்துக்கு ஒரு முறை, ஐந்தாவதை மாதத்துக்கு ஒரு முறை. எந்த அறையில் தவறினாலும் அட்டை முதல் அறைக்குத் திரும்ப வேண்டும். இந்தக் கடைசி விதியைத்தான் எல்லாரும் மீறுவார்கள். 'தெரியும், வாயில வரல' என்று சொல்லி அட்டையை அதே இடத்தில் வைத்துவிடுவார்கள். வாயில் வரவில்லை என்றால் அது இன்னும் உங்கள் சொல் ஆகவில்லை.

வாக்கியப் பக்கத்தைப் பார்த்துச் சொல்லை வரவழைப்பதுதான் நல்லது. சொல்லைப் பார்த்துப் பொருள் சொல்வது எளிது, ஆனால் பேசும்போது உதவாது. பேச்சில் முதலில் எண்ணம் வரும், சொல்லை நாம்தான் தேட வேண்டும்.

அட்டைக்குப் பதில் 'ஆன்கி' என்ற செயலியும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் இலவசம். எந்த அட்டையை எப்போது காட்ட வேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். வடசேரியிலிருந்து மார்த்தாண்டத்துக்குப் பஸ்ஸில் போகும் நேரத்தில் நாற்பது அட்டையாவது பார்த்துவிடலாம். ஆனால் மற்றவர் செய்துவைத்த ஆயத்த அட்டைக் கட்டுகளை இறக்கிக்கொள்ளாதீர்கள். அதில் உங்கள் பாட்டி இருக்கமாட்டார்.

வேரைப் பிடித்தால் கொத்தாக வரும்

பகுதி, விகுதி பிரித்துப் படித்த நமக்கு இது சுலபம். லத்தீனில் 'ஸ்பெக்' என்ற வேருக்குப் பார்த்தல் என்று பொருள். உள்ளே பார்ப்பவர் 'இன்ஸ்பெக்டர்'. விளையாட்டைப் பார்ப்பவர் 'ஸ்பெக்டேட்டர்'. முன்னோக்கிப் பார்த்தால் 'ப்ராஸ்பெக்ட்', திரும்பிப் பார்த்தால் 'ரெட்ராஸ்பெக்ட்'. மூக்கில் மாட்டியிருக்கும் 'ஸ்பெக்ஸ்' கூட அந்தக் குடும்பம்தான். 'சர்கம்' என்றால் சுற்றி. அப்படியானால் 'சர்கம்ஸ்பெக்ட்' என்பவர் யார்? சுற்றுமுற்றும் பார்த்து நடப்பவர். எச்சரிக்கையானவரைத் தமிழும் லத்தீனும் ஒரே மாதிரி சொல்கின்றன என்பது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம் தரும் விஷயம். இதே மாதிரி 'போர்ட்' என்றால் சுமத்தல்: 'போர்ட்டர்', 'எக்ஸ்போர்ட்', 'டிரான்ஸ்போர்ட்', 'போர்ட்டபிள்'. அடியிலிருந்து தாங்குவது 'சப்போர்ட்'. வாரத்துக்கு ஒரு வேர் போதும்.

வேர் சில நேரம் ஏமாற்றும். நெடுஞ்சாலையில் போகும் டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். 'இன்' என்றால் இல்லை என்று எடுத்துக்கொண்டு, தீப்பிடிக்காது என்று நினைத்தால் ஆபத்து. எளிதில் பற்றிக்கொள்ளும் என்றுதான் அதற்குப் பொருள். வேரை வைத்து ஊகியுங்கள், அகராதியில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

படிப்பது

சொல் பிறக்கும் இடம் வாசிப்புதான். அட்டையும் நோட்டும் அதைக் காப்பாற்றி வைக்கும் பாத்திரங்கள். ஆனால் கண்டதையும் கொஞ்சம் கொஞ்சம் படித்தால் ஒரு சொல் மறுபடி கண்ணில் படவே மாதக்கணக்காகும். அதனால் ஒரு வாரத்துக்கு ஒரே விஷயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே விஷயத்தைப் பற்றி ஐந்தாறு கட்டுரை படித்தால் அதே இருபது முப்பது சொற்கள் திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது கட்டுரையிலேயே அவை பழகிய முகமாகிவிடும். உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த விஷயமாக இருந்தால் இன்னும் நல்லது. முதலில் தமிழ் நாளிதழில் படித்துவிட்டு, அதே செய்தியை ஆங்கிலத்தில் படியுங்கள். பொருள் முன்பே தெரிவதால் கவனம் முழுக்கச் சொல்லில் இருக்கும்.

நம் மாவட்டத்துக்குக் கடலை விடத் தெரிந்த விஷயம் எது? 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் வீசியதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடற்கரை ஊர்களைச் சேர்ந்த என் மாணவர்கள் அன்றைய ஆங்கிலச் செய்திகளைத் தேடிப் படித்தார்கள். படிக்கையில் சிலருக்குக் கண் கலங்கியது. வானிலை அறிவிப்பில் வழக்கமாக வரும் ஒரு வாக்கியம் அவர்கள் கண்ணில் முதலில் பட்டது: மீனவர்கள் கடலுக்குள் 'வென்ச்சர்' செய்ய வேண்டாம். 'கோ' என்று ஏன் போடவில்லை என்று ஒருவர் கேட்டார். ஆபத்து இருப்பது தெரிந்தும் துணிந்து இறங்குவதுதான் 'வென்ச்சர்'. புதுத் தொழிலில் பணம் போடுவதற்கும் அதே சொல் வருவது அதனால்தான். அப்புறம் 'ஸ்ட்ராண்டட்'. வழியில் மாட்டிக்கொண்டு நிற்பது என்று அகராதி சொல்லும். 'ஸ்ட்ராண்ட்' என்பது கரைக்குப் பழைய ஆங்கிலச் சொல். அப்படியென்றால் 'ஸ்ட்ராண்டட்' என்றால் கரைதட்டியது. வள்ளம் கரைதட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இப்படி ஒரு வாரத்தில் இருபத்தாறு சொற்கள் சேர்ந்தன. அவற்றில் பலவற்றை அவர்கள் அட்டையில் எழுதாமலே நினைவில் வைத்திருந்தார்கள்.

மலையோரத்தில் இருப்பவர்கள் ரப்பர் விலையைப் படிக்கலாம், தோவாளைக்காரர்கள் பூ வியாபாரத்தைப் படிக்கலாம். நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து படிக்கக் காசு கேட்பதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. நம் கரையிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் சொற்கள் ஆங்கிலத்துக்குப் போயிருக்கின்றன. 'கட்டமரான்' நம் கட்டுமரம். 'காயர்' என்பது கயிறு. 'டீக்' தேக்கு. நாம் சக்கை என்று சொல்வது போர்த்துக்கீசியர் வாய்வழியாகப் போய் 'ஜாக்' பழம் ஆயிற்று. ஆனால் போன சொல் போன இடத்துக்கு ஏற்ப மாறும். இன்றைய ஆங்கிலத்தில் 'கட்டமரான்' என்றால் இரண்டு அடிப்பாகம் கொண்ட படகு. மரங்களைச் சேர்த்துக் கட்டிய, குளச்சலிலும் முட்டத்திலும் நாம் பார்த்த கட்டுமரம் அந்தச் சொல்லில் இப்போது இல்லை. நாம் ஆங்கிலத்திலிருந்து எடுத்த சொற்களுக்கும் இதே கதிதான். சாப்பாட்டுக் கடையை 'ஹோட்டல்' என்கிறோம், அவர்களுக்கு அது தங்குமிடம். கேள்வி இருந்தால் 'டௌட்' என்கிறோம், அவர்கள் காதில் அது சந்தேகப்படுவது போல விழும். கல்லூரி முடித்ததை 'பாஸ்ட் அவுட்' என்கிறோம். லண்டனில் ஒரு நர்ஸ் அப்படிச் சொன்னால் மயங்கி விழுந்ததாக நினைப்பார்கள். தமிழ்ப் பேச்சில் புழங்கும் ஆங்கிலச் சொற்களை ஒரு தடவை பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் அகராதியில் சரிபாருங்கள். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

எந்தச் சொல் எந்த இடத்தில்

மேல்நிலைச் சொல்வளம் என்றால் கடினமான சொல்லைப் போடுவது என்ற எண்ணம் நிறைய பேரிடம் இருக்கிறது. அது ஆபத்தான எண்ணம். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் எழுதும் ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் எழுத்துப் பகுதியில் மதிப்பெண்ணை நாலு அளவுகோலில் போடுகிறார்கள். நாலில் ஒன்று சொல்வளம். அதில் சொல்லின் வகை, பொருத்தம், கூட்டாளிச் சொல் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பொருந்தாத பெரிய சொல் மதிப்பெண்ணைக் குறைக்கத்தான் செய்யும்.

பொருத்தம் என்றால் என்ன என்று குமரி மாவட்டத்துக்காரருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. விளவங்கோடு பக்கத்தில் வீட்டில் 'கிணத்துல வெள்ளம் கோரு' என்போம். பள்ளிக்கூடத்தில் அதையே தண்ணீர் என்போம். கட்டுரையில் நீர் என்று எழுதுவோம், கோயிலில் தீர்த்தம் என்று வாங்கிக்கொள்வோம். திருநெல்வேலிக்குப் போனால் வெள்ளம் என்ற சொல்லை நாக்கு தானாகவே மாற்றிக்கொள்ளும். யாரும் சொல்லித்தராமலே நாம் செய்யும் வேலை இது. ஆங்கிலத்திலும் இப்படி அடுக்குகள் உண்டு. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வந்து சேர்ந்தன, கல்வியோடு லத்தீன் சொற்களும் வந்தன. அதனால் ஒரே பொருளுக்கு மூன்று சொல். 'ஆஸ்க்' வீட்டுச் சொல். 'க்வெஸ்சன்' கொஞ்சம் விறைப்பான சொல். 'இன்டராகேட்' போலீஸ் ஸ்டேஷன் சொல். மகன் நேற்று எங்கே போனான் என்று அம்மா கேட்டதை 'இன்டராகேட்' என்று எழுதினால், அம்மா விளக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு விசாரித்ததாக ஆகிவிடும்.

நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் மூலையில் ஒரு குறி போடுங்கள்: 'வீ' என்றால் வீட்டுப் பேச்சு, 'அ' என்றால் அலுவலகம், 'நூ' என்றால் நூல் நடை. நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். மருத்துவரிடம் 'ஹைப்பர்டென்ஷன்', நோயாளியிடம் 'ஹை பிளட் பிரஷர்'. நோயாளிக்குப் புரியும் சொல்லை எடுக்கத் தெரிவதும் சொல்வளம்தான்.

எழுதுவது, பேசுவது

ராத்திரி படுக்கும் முன் ஐந்து வரி. அன்றைக்கு நடந்ததைப் பற்றி, அந்த வாரத்துச் சொற்களில் இரண்டை மட்டும் வைத்து. ஐந்தையும் திணித்தால் வரி செயற்கையாகிவிடும். எழுதியதை ஒரு தடவை சத்தமாகப் படியுங்கள். வாரம் ஒரு நாள் நண்பர் ஒருவரோடு பதினைந்து நிமிஷம் ஆங்கிலத்தில் பேசுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் போனில் உங்கள் குரலையே பதிவு செய்து கேளுங்கள். முதல் முறை கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

இன்னொரு பயிற்சி எனக்கு மிகவும் பிடித்தது. நல்ல ஆங்கிலப் பத்தி ஒன்றைத் தமிழில் எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து, மூலத்தைப் பார்க்காமல், உங்கள் தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலமாக்குங்கள். அப்புறம் மூலத்தோடு ஒப்பிடுங்கள். எந்த இடத்தில் உங்களிடம் சொல் இல்லை என்பது அப்பட்டமாகத் தெரியும். நம் தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ஆங்கிலக் கவிதைகளைத் தமிழ்நாட்டுப் பிள்ளையின் வாயில் நிற்கும் தமிழாகத் தந்தவர். அவர் தமிழைப் படித்தால் ஒரு மொழிச் சொல்லுக்கு இன்னொரு மொழியில் சரியான இணையைத் தேடுவது எவ்வளவு பொறுமையான வேலை என்று தெரியும்.

நாளைக்கு மூன்று சொல் என்றால் முந்நூறு நாளில் 900. அதில் மூன்றில் இரண்டு பங்கு நின்றாலும் 600. காக்ஸ்ஹெட்டின் 570-ஐ ஒரே வருடத்தில் தாண்டலாம் என்று அர்த்தம். அந்தக் குலசேகரத்துப் பெண் பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டார். நடுவில் வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு டெங்கு காய்ச்சல்.

அப்படி விட்டுப்போகும் நாட்கள் எல்லாருக்கும் வரும். திரும்ப உட்காரும்போது டப்பாவில் நூற்றைம்பது அட்டை குவிந்திருக்கும், பார்த்தாலே மூடிவிடத் தோன்றும். அன்றைக்குப் புதுச் சொல் வேண்டாம். முதல் அறையை மட்டும் எடுத்து, இருபது அட்டை பாருங்கள். மறுநாள் இன்னொரு இருபது. ஐந்தாவது அறை ஒரு மாதம் கூடக் காத்திருக்கும், ஒன்றும் ஆகாது. முதல் அறை காலியான பிறகு நோட்டைத் திறந்து அடுத்த சொல்லை எழுதுங்கள்.